சோதனை நாளுக்கு ஒரு இஞ்சின்: யாங்கோனில் ஒரு வில்லிஸ் ஜீப்

2009 மார்ச்சில் யாங்கோனில் என் வேலை முடிந்த பிறகு நான்கு நாட்கள் மிச்சமிருந்தன. பகோடாக்களைப் பார்த்தாயிற்று. எனக்கு வேறொரு ஆசை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் கொண்டுவந்து விட்டுப்போன ஜீப்புகள் இன்னும் இங்கே ஓடுகின்றன என்று படித்திருந்தேன். அதில் ஒன்றிலாவது ஏறிவிட வேண்டும்.

தேடி அலையவில்லை. நகர நடுவிலுள்ள பபேடான் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை வாசலிலேயே பச்சை ஜீப் ஒன்று நின்றது. பின்பக்கம் முழுக்க அலுமினியச் சட்டிகள். ஓட்டுபவர் காதர், நாற்பது வயதிருக்கும். காயல்பட்டினத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. தினமும் காலையில், ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரிலுள்ள கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப்போவார். மதியத்துக்குமேல் கேட்பவர்களுக்கு வாடகைக்கு ஓட்டுவார். தன்லியின் போய்வர இருபத்தைந்தாயிரம் கியாட் என்று பேசி முடித்தோம். டாக்ஸி இதைவிட மலிவு. எனக்கு டாக்ஸி வேண்டாம்.

இஞ்சின் ஒரிஜினலா என்று கேட்டேன்.

"இன்னைக்கு இல்ல தங்கச்சி. செவ்வாக்கெழம ஒரிஜினல்" என்றார்.

கேலி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது நடைமுறை. வில்லிஸ் கம்பெனி போட்ட பழைய பெட்ரோல் இஞ்சின் நிறையக் குடிக்கும், அடிக்கடி நிற்கும். பெட்ரோலோ அளந்துதான் கிடைக்கும். அதனால் எப்போதோ அதைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் இஞ்சின் ஒன்றை மாட்டிவிட்டார்கள். ஆனால் வண்டிப் பதிவில் இருப்பது பழைய இஞ்சினின் எண். ஆண்டுக்கொருமுறை உரிமம் புதுப்பிக்கும் சோதனையில் அந்த எண்ணைத் தடவிப் பார்ப்பார்கள். எனவே சோதனைக்கு முந்தின நாள் பழையது ஏறும், மறுநாள் இறங்கும். எண் ஒத்துப்போகாவிட்டால் உரிமம் போய்விடும். வெளிநாட்டு வண்டி இறக்குமதி செய்வது எளிதல்லாத அந்த நாட்களில், போன வண்டிக்கு இன்னொன்று வாங்குவது இவர்களால் ஆகாத காரியம். இந்த வருடச் சோதனை செவ்வாய்க்கிழமை என்றதும் நானும் வருகிறேன் என்றேன்; பட்டறைக்கு வழி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு நகரின் கிழக்கிலுள்ள தாகேதாவுக்கு டாக்ஸியில் போனேன். ஓடைப் பாலத்தைத் தாண்டி இரண்டாவது தெருவில், தகரக் கூரை போட்ட பட்டறை. பழைய இஞ்சின் முந்தின நாளே ஜீப்பில் ஏறியிருந்தது. அங்கே காதரின் மனைவி மா சூவும் இருந்தார். அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் நன்றாகப் புரியும், பேச்சு கொஞ்சம் நின்று நின்று வரும். பபேடான் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கணவரைப் பர்மிய வழக்கப்படி 'கோ' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுவார்.

"ஒடம்புக்கு முடியாத மாமனார இறக்கி வெக்கிற மாதிரி வெச்சிருக்கார் பாருங்க" என்றார் கணவரைக் காட்டி. காதர் கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் படித்ததையெல்லாம் கண்ணால் சரிபார்த்துக்கொண்டேன். முன்பக்கக் கம்பித் தடுப்பில் ஒன்பது இடைவெளிகள். பின்னால் வந்த சிவிலியன் ஜீப்புகளில் ஏழுதான். ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினால் அடியில் எரிபொருள் தொட்டி. ஹெட்லைட்டைப் பின்பக்கமாகத் திருப்பினால் இருட்டில் இஞ்சினைப் பழுதுபார்க்கலாம். நான்கு சிலிண்டர், இரண்டே கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, அறுபது குதிரைத்திறன். இன்னொன்றும் உண்டு. 1970இல் பர்மா சாலையின் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது. ஆனால் ஊரிலுள்ள வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டீயரிங் இன்னும் வலப்பக்கம்தான். பேருந்துக் கதவும் பழையபடி இடப்பக்கமே என்பதால், ஏறுபவர்கள் நடுச்சாலையில் கால்வைக்க வேண்டிய ஊர் இது. அமெரிக்க ஜீப்புக்கோ ஸ்டீயரிங் முதலிலிருந்தே இடப்பக்கம். சட்டம் மாறி, இந்தக் கிழட்டு வண்டிக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது.

முன்பக்கத் துளையில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. டீசலின் தடதடப்பு இல்லை. உள்ளே யாரோ சீராகத் தறி நெய்வது போன்ற சத்தம். எனக்கு ஒரே சந்தோஷம். காதர் முகத்தில் அது இல்லை. "நிறுத்தினா திரும்ப எடுக்காது" என்று மட்டும் சொன்னார்.

சோதனை மைதானத்துக்கு ஏழே முக்காலுக்குப் போனோம். முன்னால் முப்பது வண்டிகளாவது இருக்கும். ஒன்பதரைக்கு வெயில் ஏறிவிட்டது. இஞ்சினை அணைக்காமலே வரிசையில் ஊர்ந்தோம். மூன்று வண்டிகளே முன்னால் இருந்தபோது அது இருமியது, இன்னொருமுறை இருமியது, நின்றுவிட்டது.

வருடாவருடம் மாட்டிக் கழற்றியதில் பெட்ரோல் குழாயின் கிளிப் எங்கேயோ தொலைந்துபோய், குழாய் சூடான இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. காதர் கைப்பிடியைச் சுற்றினார். சட்டை முதுகோடு ஒட்டியது. பின்னாலிருந்த லாரிக்காரர் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தார். ஒதுங்கினால் அன்றைய முறை போய்விடும். உரிமத்தின் கடைசி நாளும் அதுதான் என்பதை மா சூ அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

சொல்லிவிட்டு வாசலிலிருந்த கரும்புச்சாறு வண்டிக்கு ஓடினார். தோளில் கிடந்த துண்டில் ஐஸை முடிந்து கொண்டுவந்தார். பெட்ரோல் குழாயின் மேலும் பம்ப்பின் மேலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். துண்டு கறுத்துச் சொட்டியது. முன்னாலிருந்த வண்டி நகர்ந்தது.

"இப்ப சுத்துங்க."

"இன்னும் ஆறல."

"கோ காதர், சுத்துங்க."

சுற்றினார். நாலாவது சுற்றில் பிடித்தது.

சோதனை அதிகாரி இளைஞர். குனிந்து, இஞ்சினின் வலப்பக்கமிருந்த எண்ணைக் கட்டைவிரலால் துடைத்து உரக்கப் படித்தார், இன்னொருவர் எழுதிக்கொண்டார். பிறகு பர்மிய மொழியில் ஏதோ கேட்க, காதர் வாயைத் திறப்பதற்குள் மா சூ பதில் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது. என்ன கேட்டார் என்று பிறகு விசாரித்தேன். இந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறீர்களா என்றாராம். "தெனமும் இதுகூட சண்டதான்னு சொன்னேன். பொய் இல்லயே" என்றார் மா சூ.

தொட்டியில் பெட்ரோல் மீதமிருந்ததால் பழைய இஞ்சினோடே தன்லியின் போகலாம் என்றார் காதர். குழாயைக் கம்பியால் இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். பாகோ ஆற்றுப் பாலத்தில் நடுவே ரயில், இருபக்கமும் சாலை. ஏற்றத்தில் எல்லாப் பேருந்துகளும் எங்களைத் தாண்டிப் போயின. முன்கண்ணாடியை மடக்கிப் படுக்கவைத்திருந்தோம். ஆற்றுக்காற்று நேராக முகத்தில் அடித்தது. அந்த ஒரு மணிநேரத்துக்காகவே நான் இந்த ஊருக்கு மறுபடி வரலாம் என்று தோன்றியது.

தன்லியின் சந்தையருகே தேநீர் குடித்தபோது அந்தச் சந்தோஷத்தில்தான் சொன்னேன், இந்த இஞ்சினை எக்காலத்திலும் விட்டுவிடாதீர்கள் என்று.

மா சூ கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்க இத ஒரு நாள் பாக்குறீங்க. எங்களுக்கு வருஷம் பூரா இது பட்டறையில கெடக்குன்னு நெனப்பு. ராத்திரி மழ பேஞ்சா மொதல்ல இதத்தான் நெனப்பேன். துரு புடிச்சா கட போச்சு." பிறகு கணவரைப் பார்த்து, அடுத்த வருடம் இந்த வேலை வேண்டாம், டீசல் இஞ்சின் எண்ணையே பதிவில் மாற்ற மனுக்கொடுப்போம் என்றார். மனு முடியும்வரை வண்டி ஓடாதே, சரக்கு எப்படிப் போகும் என்றார் காதர். "நான் பஸ்ல தூக்கிட்டுப் போறேன்." "அம்புட்டு சட்டியவா?" "அம்புட்டையும்தான்." எனக்கு முன்னால் அது முடிவாகவில்லை.

படித்து வைத்திருந்த விவரங்களில் இந்தப் பயம் எங்கேயும் இல்லை. ஒரு பொருள் அசலாகவே இருக்க வேண்டும் என்று விரும்புவது, அதை நம்பிப் பிழைக்காதவருக்கு எளிது.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், மார்ச்சில் ஒன்பது மணிக்கே வெயில் சுடும். தன்லியினுக்குப் பேருந்து இருக்கிறது, சில நூறு கியாட் போதும், ஆனால் கூட்டம். பழைய ஜீப் வேண்டுமென்றால் பபேடான் கடைத்தெருக்களில் மதியம் கேட்டுப்பாருங்கள். பாலத்தில் புகைப்படம் எடுக்க வேண்டாம். ஆட்களின் பெயரையும் சொந்த ஊரையும் இதில் மாற்றியிருக்கிறேன்.

ஓராண்டு கழித்து, போன வாரம் தொலைபேசியில் பேசினேன். மனு முடிய ஐந்து மாதமாயிற்றாம். மா சூ சொன்னபடியே சட்டிகளைப் பேருந்தில் கொண்டுபோயிருக்கிறார். பழைய இஞ்சினை மாண்டலேக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. அந்தப் பச்சை ஜீப் இன்றும் வாடகைக்குக் கிடைக்கும். இஞ்சின் டீசல். பேப்பரிலும் டீசல்தான்.