கொடி அறுக்கும் நேரம்

கண்ணன் பிறந்த நாள் காலையில் பிருந்தாவனத்துக் கோயில் பூசாரி தாமோதர் கோசாயி தன் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னதைக் கேட்டு, மருத்துவச்சி ராம்தேயியின் கையிலிருந்த வெந்நீர்ச் செம்பு நழுவப் பார்த்தது.

"பிள்ளை நல்லபடியா பொறக்கட்டும், ராம்தேயி. ஆனா கோயில்ல சங்கு ஊதுற வரைக்கும் கொடியை அறுக்காதே."

"என்னய்யா சொல்றீங்க?"

"கொடி அறுத்த பிறகுதான் எங்களுக்குத் தீட்டு. அதுவரைக்கும் இல்லை. சாஸ்திரம் அப்படித்தான் சொல்லுது."

சாஸ்திரம் சொல்வது வாஸ்தவம்தான். கோசாயியின் சங்கடமும் வாஸ்தவம்தான். அந்தக் கோயில் பூஜை பல கோசாயி வம்சங்களுக்குள் முறை வைத்துச் சுற்றுவது. கண்ணன் பிறந்த நாள் ஒரு வம்சத்தின் முறையில் விழுவது பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவை. போன தடவை இரண்டு நாள் முன்னால் தாமோதரின் அப்பா கண்ணை மூடிவிட்டார். சாவுத் தீட்டு என்று முறை வேறு வம்சத்துக்குப் போனது. இப்போது தாமோதருக்கு அறுபத்து மூன்று வயது. இதை விட்டால் எழுபத்து நான்கில்தான்.

இந்த நாள் பார்த்து மருமகள் குசுமாவுக்கு விடியற்காலையில் இடுப்பு வலி கண்டுவிட்டது.

அந்த வீட்டுக்கும் ராம்தேயிக்கும் உள்ள தொடர்பு பழையது. அவள் ராயா ஊர்ப் பக்கத்துப் பெண். பதினான்கு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் மாமியார் சுக்கோதான் தாமோதரையும், அவர் தம்பிமார் இருவரையும், பர்சானாவில் கட்டிக்கொடுத்த தங்கை கமலாவையும் கையில் ஏந்தியவள். தாமோதரின் மகன் கன்ஷ்யாமை ஏந்தியது ராம்தேயி. குசுமா அந்தக் கன்ஷ்யாமின் மனைவி.

இத்தனை பிள்ளைகளை ஏந்தினாலும் கோயிலுக்குள் அவள் போனதில்லை. கொடி அறுக்கிற கைக்கு என்றைக்கும் தீட்டு என்பார்கள். திருவிழா அன்று படிக்குக் கீழே, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பாள். அபிஷேகப் பாலை யாராவது எட்ட நின்று அவள் பாத்திரத்தில் ஊற்றுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமும் கிடையாது. தீட்டு என்பது நெருப்பு மாதிரி, யார் தொட்டாலும் சுடும் என்றே நம்பினாள்.

அந்தக் கோயிலில் நள்ளிரவு வரை காத்திருக்கிற வழக்கமில்லை, எல்லாம் பகலிலேயே. பாலும் தயிரும் தேனும் அபிஷேகமாகும். பிறகு காம்போடு பறித்த வெள்ளரிக்காயைச் சாமி முன் வைத்து, காம்பைத் தொப்புள்கொடியாகப் பாவித்து அறுத்துச் சங்கு ஊதுவார்கள். கண்ணன் பிறந்துவிட்டான் என்று அர்த்தம்.

கோயிலில் மேளம் ஆரம்பித்தபோது இங்கே குழந்தையின் தலை தெரிந்தது. கோசாயியின் மனைவி விசாகா கதவருகே நின்றாள்.

"சங்கு ஊதியாச்சா, அம்மா?" என்றாள் ராம்தேயி.

"இப்பதானே பால் ஊத்தவே போறாங்க. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு அவளை."

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க, அத்தை? கதவைச் சாத்தித் தாழ்ப்பாளா போட முடியும்?" என்று குசுமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ராம்தேயி சிரிக்க வாயெடுத்தாள். அதற்குள் கண் குழந்தையிடம் போனது. கொடி குழந்தையின் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. விரல்கூட நுழையவில்லை. முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"அறுக்காதடி," என்றாள் விசாகா. "அவரு பதினோரு வருஷமா காத்துக்கிட்டிருக்காரு."

ராம்தேயி இரண்டு இடத்தில் நூல் கட்டி நடுவில் அறுத்தாள். குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. சத்தமில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், பிறகு வீடே அதிர அழுகை.

விசாகா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "பொண்ணா? தாத்தாவோட முறை வர்ற நாள் பார்த்து வந்திருக்கா பாரு," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

தாயையும் பிள்ளையையும் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, குளித்து ஈரப் புடவையோடு ராம்தேயி கோயிலுக்கு ஓடினாள். தெரிந்தே கோசாயியைத் தீட்டோடு சாமியைத் தொடவிட்டால் அந்தப் பாவம் தன் தலையில் விடியும் என்று பயம். படிக்குக் கீழே நின்று கையை ஆட்டினாள். கோசாயி பார்த்துவிட்டு இரண்டு படி இறங்கி வந்தார்.

"பொறந்தாச்சா?"

"பேத்தி, ஐயா. கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சு. அறுத்துட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே வெள்ளரிக்காய் தயாராக இருந்தது. ஊரே காத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"யாருக்குத் தெரியும்?"

"வீட்டம்மாவுக்கு, மருமகளுக்கு, எனக்கு. இப்ப உங்களுக்கு."

"எனக்குத் தெரியாது," என்றார் கோசாயி மெதுவாக. "மேளச் சத்தத்துல நீ சொன்னது எதுவும் என் காதுல விழலை."

திரும்பி மேலே ஏறினார்.

ராம்தேயி படிக்குக் கீழேயே நின்றாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக இந்த வாசலைத் தாண்டவிடாமல் அவளை நிறுத்தி வைத்த தீட்டு, இவர் ஒரு வார்த்தை சொன்னதும் மேளச் சத்தத்தில் கரைந்துபோகிற தீட்டுத்தானா? நெருப்பு என்று நினைத்திருந்தாளே. இவர் கையைச் சுடவில்லையே.

முதல் படியில் காலை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த படி.

"ஏய், சுக்கோ மருமகளே, எங்க ஏறுற?" என்று வாசல் காவல்காரன் கோலை நீட்டினான்.

"உன் கோசாயியைக் கேளு."

கூட்டம் திரும்பியது. பாட்டு அறுந்தது. தாமோதர் சாமிக்கு முன்னாலிருந்து அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

"விடு. வரட்டும்," என்றார்.

பெண்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். ராம்தேயி சன்னதி வரைக்கும் போய் நின்றாள். இத்தனை வருஷம் எட்ட நின்று வாங்கிக் குடித்த பால் வழிய, கறுப்பாக, முழங்கை நீளம்கூட இல்லாத சாமி. இவ்வளவு சின்னதா என்று அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. பச்சைப் பிள்ளை அளவுதான்.

கோசாயி வெள்ளரிக்காயை எடுத்தார். வெள்ளிக் கத்தியைக் கையில் பிடித்தார். காயை ஒட்டி, காம்பின் அடியில் கத்தியை வைத்தார்.

"அவ்வளவு கிட்ட வேணாம், ஐயா," என்றாள் ராம்தேயி. "பிள்ளைக்கு ரத்தம் கசியும். இன்னும் ரெண்டு விரல் தள்ளி வைங்க."

தாமோதர் கோசாயி கத்தியை இரண்டு விரல் தள்ளி வைத்து அறுத்தார்.