ஒற்றைக் கச்சாயம்

மருமகள் கச்சாயம் சுடுகிறாள். எண்ணெயில் வெல்லம் பொரியும் வாசம் வந்ததுமே நான் சின்ன வயசு மேட்டூருக்குப் போய்விட்டேன். அணை கட்டி முடித்த புதிது. அப்பாவுக்கு அங்கே வேலை. தீபாவளிக் கச்சாயம் பானையோடு உறியில் தொங்கும். அப்பா சாயங்காலம் ஒன்றே ஒன்றை எடுத்து, அம்மா எருமையைக் கறந்து முடிக்கும் வரைக்கும் தின்பார். ஒன்றில் அப்படி என்னதான் இருக்கிறது? எனக்கு விளங்கவே இல்லை. ஒரு வருசம், சுட்ட அன்றைக்கே முக்காலி போட்டு ஏறி ஏழு தின்று பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா தன் ஒன்றைத் தின்றுவிட்டு, "பாகு கொஞ்சம் முத்திப்போச்சு. சுக்கும் தூக்கலா இருக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு எப்படி இருந்துச்சு சாமி?" என்றார்.

"இனிப்பா இருந்துச்சுங்கப்பா."

ஏழு தின்ற வாய்க்கு அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

மருமகள் தட்டு நிறையக் கொண்டுவந்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டேன். பாதி தின்பதற்குள் தட்டை மறுபடி நீட்டினாள்.

"இன்னொண்ணு எடுத்துக்கங்க அத்தை."

"பொறு கண்ணு, இப்பத்தான் சுக்கு தெரியுது."