இடப்பக்கத்துக் காடு

அவள் புருஷன் சுவர் விளம்பரம் எழுதுகிறவர். சாரத்திலிருந்து விழுந்து செத்து ஆறு மாதமாகிறது. குடித்துவிட்டு ஏறினார், விழுந்தார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவளும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

ஒருநாள் மகளின் ஓவிய வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அவள் புருஷன் கடைசி மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து வரைந்த காட்டுப் படத்தைக் கண்காட்சிக்குக் கேட்டு வந்தவர், அதன் முன்னால் நின்று கைநீட்டிக் காட்டினார்.

"வலப்பக்கம் பாருங்கம்மா, இலை இலையா எண்ணிடலாம். இடப்பக்கம் போகப்போக காடே கரைஞ்சு இருட்டாயிடுது. மனசுல கிடந்த பாரத்தை அப்படியே இறக்கி வச்சிருக்கார். பெரிய உத்தி இது."

உத்தி கித்தியெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் இருபது வருஷம் புருஷனின் பிரஷ்களைக் கழுவிய கை அது. வாத்தியார் போனதும் கிட்டே போய்த் தடவிப் பார்த்தாள். வலப்பக்கம் பெயிண்ட் வழவழவென்று இருந்தது. இடப்பக்கம் திட்டுத்திட்டாக அப்பிக் கிடந்தது. ஒரே மரத்தை இரண்டு தரம் போட்டிருந்தார். அடிமரம் ஓரிடம், வேர் ஓரிடம். ஒரு கோடு பிசகினாலே சோறு இறங்காத மனுஷன் தெரிந்தா இப்படிச் செய்வார்?

மறுநாள் காலையிலேயே, அவரோடு சாரத்தில் நின்ற கூட்டாளியைத் தேடிப் போனாள்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. அவருக்குக் கண்ணு தெரியலையா?"

அவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். "கடைசி ஒரு வருஷமாவே இடப்பக்கம் மங்கல்தான் தங்கச்சி. தெரிஞ்சா சாரத்துல ஏத்த மாட்டாங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

"அப்போ குடி?"

"அவன் எங்க குடிச்சான்?"

புருஷன் அடிக்கடி கதவு நிலையில் இடித்துக்கொள்வதைப் பார்த்து, "குடிச்சிருக்கீங்களா?" என்று கத்தியவள் அவள்தான். ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஆமா" என்றார் அவர். எந்நேரமும் பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் நெடி வீசும் உடம்பு. சாராய வாடையை அதில் எங்கே பிரித்தறிவது? அந்த ஒரு 'ஆமா'வைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி வரைக்கும் போய், "இந்தக் குடிகாரனுக்கு நாலு புத்தி சொல்லுங்க" என்று அழுதுவிட்டு வந்தாள். பிறகு அவருக்கு முகம் கொடுத்தே பேசவில்லை.

சாயங்காலம் மகளை உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள். மகள் எழுந்து போய்ப் படத்தின் இடப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கூடவே இருந்தும் உனக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

படத்தைக் கண்காட்சிக்குக் கொடுக்க இருவருக்குமே மனசு வரவில்லை.