நைட் ஷிப்டுக்காரர்களுக்கும் ஒரு பூங்கா

போன ஞாயிறு காலை எங்கள் ஓசூர்ப் பூங்காவில் கருத்துக் கேட்புக் கூட்டம். பத்தாண்டுத் திட்டமாம். நடைபாதை, நீரூற்று, புது மரங்கள் எல்லாம் சொன்ன அதிகாரி, காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணிவரை பூங்கா பூட்டப்படும் என்றும் சொன்னார். பகலில் படுத்துக்கிடப்பவர்களால் தொல்லை என்று நடைப்பயிற்சிக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். நானும் தொப்பையைக் கரைக்கிற அந்தக் கோஷ்டிதான். ஆனால் காலடியில் நசுங்கிய புங்கம்பூவின் வாசம் என்னை எங்கெங்கோ இழுத்துப் போய்விட்டது.

ஊத்தங்கரையிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் நானும் ஆனேக்கல் பசவராஜும் சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் இருந்தோம். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் பத்து மணிக்கெல்லாம் உடம்பு வெந்துவிடும். எழுந்து பூங்காவுக்கு ஓடுவோம். புங்க மரத்தடியில் யூனிபார்மோடு, சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரே வரிசையாய்க் கிடப்போம். மெஷின் ஆயில் நாற்றத்துக்குக் கொசுகூட வராது.

அங்கே இடம் ஆளுக்குச் சொந்தமில்லை, ஷிப்டுக்குச் சொந்தம். வாரம் மாறினால் இடமும் கைமாறும். விரிக்கிற சாக்கைக் கிளையில் செருகிவிட்டுப் போக வேண்டும். "அடுத்த வாரம் எனக்கு நைட்டு மச்சா, எடத்த வேற எவனுக்கும் குடுத்துராத" என்று பசவராஜ் அந்த வார நைட்டுக்காரனிடம் சனிக்கிழமையே சொல்லிவைப்பான். பெருக்க வரும் முனியம்மா எங்களை எழுப்பியதே இல்லை. "கால மட்டும் மடக்குங்கப்பா" என்று சுற்றிலும் பெருக்கிவிட்டுப் போய்விடுவார்.

கூட்டத்தில் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் இரவில் தூங்கி எழுந்து வந்தவர்கள். ஞாயிறு என்றால் ஊருக்கே லீவு என்று கூட்டம் வைத்தவர்கள் நினைத்துவிட்டார்கள். இந்த ஊரில் ஆலைக்கு ஆலை வார விடுமுறை வேறு. எனக்குக் கோபமே வந்துவிட்டது. எழுந்து, "இங்க படுக்கறவங்கள யாரும் கேக்கலையே சார். நைட் ஷிப்ட் வுடற நேரத்துல இன்னொரு கூட்டம் வைங்க. அதுக்கப்பறம் பூட்டறதப் பத்திப் பேசலாம்" என்றேன். பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார், தூங்குகிறவனுக்கெல்லாமா பூங்கா என்று சிரித்தார். அதிகாரி பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாம் என்றால் எனக்குப் போதாது. மறுநாள் காலையிலிருந்து கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் நின்று அந்த இன்னொரு கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனிடம் பூங்காவில் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவன் பயந்துபோய், "நாளைலேர்ந்து படுக்க மாட்டேன் சார்" என்றான்.

எங்களிடம் அந்தக் காலத்தில் எவரும் கருத்துக் கேட்டதில்லை. ஆனால் நாங்கள் பயமில்லாமல் தூங்கினோம்.