கேள்விக்குறிக்குப் பின்னால் ஓர் எண்

வலைத்தளங்கள் நம் கணினியில் போட்டுவைக்கும் குக்கி என்ற அடையாளச் சீட்டை நான் அனுமதிப்பதில்லை. என்னைக் கேட்காமல் என் வீட்டில் யாரும் எதையும் வைக்கக் கூடாது. திருப்பதியில் ஒரு கண் மருத்துவமனையின் தளம் அதற்கும் வழி வைத்திருந்தது. ஒவ்வொரு லிங்க்கின் வாலிலும் கேள்விக்குறி போட்டு ஒரு நீண்ட எண்ணை ஒட்டியது. தளத்தின் கணக்கில், அந்த எண் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நான். வேலைக்காலம் முழுவதும் கோப்பு எண்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது புரியாதா?

புரிந்தது. புரிந்தும், மனைவியின் கண்புரை அறுவைக்கு வியாழக்கிழமையின் கடைசி இடத்தைப் பிடித்து, விவரமெல்லாம் நிரப்பி, அனுப்புவதற்கு முன் அந்த லிங்க்கை எங்கள் ஓய்வுபெற்றோர் குழுவில் போட்டேன். ‘பதிவு செய்யும் முறை இதுதான்’ என்று குறிப்பு வேறு. சொல்லிக்கொடுக்கும் வியாதி ஓய்வோடு போகவில்லை.

திரும்பிவந்து பக்கத்தைப் பார்த்தால், மனைவியின் பெயர் இருந்த இடத்தில் என் பழைய ஹெட் கிளார்க்கின் பெயர். நகரியில் இருக்கிறார்; அவருக்கும் கண்புரை. போன் போட்டேன்.

“மாதிரி பாரம்தானே சாரு அது? நம்ம ஆபீஸு செவுத்துல ரொப்பி ஒட்டி வெப்பமே. அம்மா பேரை அடிச்சிட்டு எம் பேரைப் போட்டுக்கினு கீறேன்.”

“யோவ், அது மாதிரி இல்லய்யா, அசலு! கையை எடு!”

“எடுத்துட்டேன். சப்மிட்டை அமுக்கவா, வேணாவா?”

“எதையும் தொடாதே!”

பெயர், வயது, ஆதார் எண் மூன்றையும் திரும்ப அடித்து அனுப்பினேன். இடம் கிடைத்தது. உடனே ‘வெளியேறு’ என்பதை அழுத்தினேன். எண் செத்தது. இனி யாரும் உள்ளே போக முடியாது, நான் உட்பட.

அப்புறம்தான் ரசீதைப் படித்தேன். கண்: இடது. அது ஹெட் கிளார்க் மாற்றிவைத்த அவருடைய கண். மனைவிக்கு வலது.

கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மருத்துவமனை போனை யாரும் எடுக்கவில்லை.

“இன்னாத்துக்கு சுத்திகினே கீறீங்க? டாக்டரு என் கண்ணைப் பாக்காமயா அறுப்பாரு?” என்றாள் மனைவி.

“பேப்பர்ல இடதுன்னு இருக்குது.”

“பேப்பரு உங்களுக்கு. அவருக்குக் கண்ணு.”

காகிதத்தை மட்டும் பார்த்து நான் போட்ட கையெழுத்துகள் எனக்கல்லவா தெரியும். எங்கள் புத்தூரில் திருப்பதிக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வடமாலபேட்டை தாண்டும்போது குழுவில் ஹெட் கிளார்க் கேட்டிருந்தார்: “சாரு, லிங்க் வேலை செய்யல. புதுசா ஒண்ணு போடுங்க.”

கவுன்ட்டரில் இருந்த பெண் அரை நிமிடத்தில் வலது என்று மாற்றிக் கொடுத்தாள். நான் நகரவில்லை. திருத்தம் கோரி எழுதிக் கொண்டுபோன மனுவின் இரண்டாம் பிரதியை நீட்டி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன்.