ரெண்டு போடுங்க

வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் என் வலியை என்னிடம் கேட்காமலே ஆராய்ந்து முடித்தவர்களை நான் எதற்குப் பாராட்ட வேண்டும்?

தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எந்த மருந்து வலியை நன்றாகக் குறைக்கிறது என்று அங்கே ஓர் இளம் டாக்டரம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார். நான் உத்தமபாளையத்தில் கணக்கு டீச்சர். நம்மால் நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். ஓர் அட்டையில் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக வரைந்து, சைபர் முதல் பத்து வரை எண் போட்டிருக்கும். வலிக்கிற அளவுக்கு ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் ஊசி, இல்லையென்றால் மாத்திரை. அவ்வளவுதான் வேலை.

மயக்கம் தெளிந்தபோது அடிவயிற்றில் அரிவாள்மனையை வைத்து அழுத்திப் பிடித்தது போல இருந்தது. தொண்டை வறண்டு பேச்சு எழும்பவில்லை. டாக்டரம்மா வந்தார். அட்டையை நேராக என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"மேடத்துக்கு வலி எவ்வளவு இருக்கு சார்?"

அவருக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். இலையைப் பார்த்தே கொடிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுகிற மனுஷன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"அவ வைரம் பாஞ்ச கட்டை டாக்டர். தாங்கிருவா. ரெண்டு போடுங்க."

ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மறு கையைத் தூக்கி விரல்களை எல்லாம் விரித்துக் காட்டினேன். அவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "குடுத்து வச்சவங்க மேடம் நீங்க" என்றார். எனக்கு மாத்திரை வந்தது.

அடுத்த சுற்றில் எனக்குக் குரல் திரும்பியிருந்தது. "எட்டு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கு ஒரு மார்க் போட அழுவா. இங்கன வந்து அள்ளி விடுறா."

டாக்டரம்மாவும் சிரித்தார். "அப்ப நாலு வச்சுக்கலாமா சார்?"

தோட்டத்துக்கு வரும் வியாபாரியும் இவரும் திராட்சைக்கு விலை பேசுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே மாதிரி ஏற்றி, இறக்கி, நடுவில் முடித்துக்கொண்டார்கள். மறுபடியும் மாத்திரைதான். அன்று பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். என் வகுப்பில் பக்கத்துப் பையன் சொல்லிக்கொடுத்த விடைக்கு மார்க் கிடையாது. இங்கே பக்கத்தில் நிற்பவர் சொன்னதுதான் விடை.

அதோடு விட்டார்களா? வீட்டுக்கு வந்த பிறகு போன் செய்து விசாரித்தார்கள், அவருடைய போனில். "நல்லா இருக்கா, எல்லா வேலையும் பாக்குறான்னு சொல்லிட்டேன்" என்று சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து பெருமையாகச் சொன்னார். அப்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அவருக்குக் குடலிறக்கம். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா, அதே ஆராய்ச்சி. எனக்கு உள்ளுக்குள் குஷி. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவரைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனதிலிருந்து, வெளியே உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைரம் பாஞ்ச கட்டை டாக்டர், ரெண்டு போடுங்க.

வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா அட்டையோடு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நான் கையை நீட்டினேன். அட்டை என் கையைத் தாண்டி அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றது.

"சார், வலி எவ்வளவு இருக்கு?"

"பத்து, டாக்டர். அதுக்கு மேல இருந்தா அதையும் போடுங்க."

நர்ஸ் ஊசி எடுத்துவர ஓடினார்.

"ரெண்டுதான் இருக்கும்" என்றேன் நான்.

டாக்டரம்மா சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்கு விளக்கினார். "நீங்க சொல்லக் கூடாது மேடம். வலி யாருக்கோ அவங்கதான் சொல்லணும். எங்க ஆராய்ச்சியோட முதல் ரூலே அதுதான்."

ஊசி போட்டார்கள். டாக்டரம்மா பக்கத்துக் கட்டில்களை முடித்துக்கொண்டு திரும்பி வரும்வரை பொறுத்திருந்து, எழுந்து குறுக்கே நின்றேன்.

"என் வயித்தை அறுத்தப்ப அந்த ரூல் எங்க போச்சு?"

வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் நர்ஸ் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வந்தார்.

"மெல்லப் பேசுங்க டீச்சர். அவுக இப்பத்தான் கண்ணசந்தாக."