எருமைக்காரச் சீனியம்மாள்

"இன்னும் ஒரு சாண் எறக்குத்தா" என்றாள் அம்மா. துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, ஆணியைக் கீழே அடித்து, மறுபடி கட்டினேன். அம்மா கையை நீட்டிப் பார்த்தாள். விரல் நுனிதான் பட்டது. "செவரு வளந்துக்கிட்டே போகுது" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து எந்த வேலையும் செய்யவில்லை.

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஒற்றை எருமையுடன் அம்மா தனியாக இருந்தாள்; ஊருக்கு அவள் எருமைக்காரச் சீனியம்மாள். அப்பா இல்லை. அண்ணன்கள் இருவரும் பம்பாயில். தெருவுக்கே பால் ஊற்றியவள், தான் குடித்தது வரக்காப்பி. "விக்கிற பாலுல எனக்கென்ன பங்கு" என்பாள்.

முதுகு வளைந்துவிட்டதால் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க முடியாது. பால் வாங்க வருபவர்களைக் காலை வைத்தே கண்டுபிடிப்பாள். "யாரு, ஒச்சாயியா? குதிகால்ல இம்புட்டு வெடிப்பு, களை வெட்டுறது ஒன் காலாலயாடி?" ஒச்சாயி சிரித்துக்கொண்டே காலைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். சாயங்காலப் பால் முடிந்ததும் சந்து அடங்கிவிடும். அதன்பின் அம்மா பேசியதெல்லாம் எருமையிடம்தான்.

தல்லாகுளத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் எக்ஸ்ரே எடுக்கிறேன். அம்மாவுக்கும் எடுத்தேன். வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு சாம்பலாகத் தெரிந்தது. முதுகெலும்புகளில் இரண்டு நசுங்கியிருந்தன. இடுப்பு முறிந்து என் மேசைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் ஒரே அச்சு. ஒல்லியாக இருப்பார்கள். மாதவிலக்கு சீக்கிரமே நின்றிருக்கும். பிரசவங்கள் அதிகம்; ஒவ்வொன்றுக்கும் பாலும் தயிரும் கீரையும் ஆகாதென்று மாதக்கணக்கில் பத்தியம் இருந்திருப்பார்கள். கேட்டால், அவர்கள் அம்மாவுக்கும் கூன் இருந்தது என்பார்கள். உயரத்திலிருந்து விழுந்து வருபவர்கள் குறைவு. வாசற்படியில் சறுக்கியிருப்பார்கள், சிலர் ஒரு குடத்தைத் தூக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். இதில் எதுவும் அம்மாவுக்குப் பொருந்தாமல் இல்லை.

நசுங்கியது நிமிராது, மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதினார். பாரம் தூக்கவே கூடாது என்றார்.

கொடி கட்டி முடித்த அன்று மாத்திரை டப்பாவைத் திறந்தேன். காலி.

"அதுக்குள்ள எப்படிம்மா தீந்துச்சு?"

"தவிட்டுல போட்டேன்."

"எருமைக்கா?"

"பால் தாரது அதுதானத்தா. நானா தாரேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எருமையை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடச் சொன்னேன்.

"ஒன் மாடியில ஒக்காந்து என்னத்தப் பண்ண? வாரவுக போறவுக காலு கூடத் தெரியாது."

"நீ தவிட்டு வாளியத் தூக்குவியேன்னு அங்க எனக்கு வேலை ஓட மாட்டேங்குதும்மா. விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?"

காலி டப்பாவை மூடி மாடத்தில் வைத்தாள். பிறகு, "சரித்தா, தரகர் அழகுமலைகிட்டப் பேசிட்டு வாரேன்" என்றாள்.

அடுத்த வாரம் தவிட்டு வாளியைத் தூக்கும்போதுதான் இடுப்பு முறிந்தது. படம் எடுத்தது நான்தான். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டியது. எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்ததும் அழகுமலையை வரச்சொன்னேன். எருமையைச் சுற்றி வந்து முதுகைத் தட்டிப் பார்த்தார். அம்மாவிடம் என்ன விலை பேசியிருந்தார் என்று கேட்டேன்.

"வெலையா? விக்கிறேன்னு அக்கா சொல்லவே இல்லையே தாயி."

"உங்க வீட்டுக்கு வரலையா?"

"வந்துச்சு. வழியெல்லாம் ஒக்காந்து ஒக்காந்து வந்துச்சு. எருமையச் சினைக்கு விடணும், நல்ல கெடா யாருகிட்ட இருக்குன்னு கேட்டுச்சு. பரவையில ஒண்ணு இருக்கு, வெள்ளிக்கெழம ஓட்டிட்டு வாக்கான்னேன். வாரேன்னுச்சு."